பால் நிறுக்குமிடத்தில் நம் ஆள் எங்கே?

தொழிலாளத் தோழர்களே! கிராணிமார்களே!

“தொழிலாளர் மசோதா பார்லிமெண்டில் தாக்கல்” என்று பத்திரிகையில் கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு வந்துவிட்டால் போதும், நம் தோட்டங்களிலே தீபாவளி முன்கூட்டியே வந்துவிட்டது போன்ற சந்தோஷம் உண்டாகிறது. கிளைக் கூட்டம் கூட்டுகிறோம். நன்றித் தீர்மானம் நிறைவேற்றுகிறோம். தொகுதி அங்கத்தினருக்கு மாலை வாங்கப் பணம் வசூலிக்கிறோம். மசோதாவில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம்!

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். நானும் மாலைக்குப் பணம் கொடுத்தவன்தான். அந்தத் தவறு எனக்கு எப்போது புரிந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2022-ஆம் ஆண்டின் கடைசியில் ஒரு நாள், பெரட்டு முடிந்து செக்ரோல் எழுதிக்கொண்டிருந்தேன். முப்பது வருஷமாகப் பால்மரம் வெட்டும் பெரியம்மா ஒருவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். அவர் மருமகள் எங்கள் தோட்டத்திலேயே வெளிக்காட்டு வேலை செய்கிறவர். அக்டோபர் முதல் வாரத்தில் அவருக்குப் பிரசவமாயிற்று.

“தம்பி, பிள்ளை பெத்தவளுக்குத் தொண்ணூத்தெட்டு நாள் சம்பளத்தோட லீவுன்னு நீதானே கூட்டத்திலே படிச்சுச் சொன்னே? இப்ப அறுபது நாள் முடிஞ்சதும் வேலைக்கு வரச் சொல்றாங்களே?” என்று கேட்டார்.

“சட்டம் பாஸாகிவிட்டது பெரியம்மா. ஆனால் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை” என்றேன்.

“பாஸான சட்டம் எங்கே போய்ப் படுத்துக்கிட்டிருக்கு?” என்றார்.

என்னிடம் பதில் இல்லை. கூட்டத்தில் படித்துக் காட்டி கைதட்டல் வாங்கினேனே, அந்த மசோதாவின் முதல் ஷரத்தை நான் படிக்கவே இல்லை. மந்திரி அரசாங்கப் பத்திரிகையில் குறிப்பிடும் தேதியில்தான் சட்டம் நடைமுறைக்கு வரும் என்பது அந்த முதல் ஷரத்து. தேதி 1955-ஆம் வருஷத்து வேலைச் சட்டத்தைத் திருத்திய அந்த மசோதாவுக்குள்ளே இல்லை. செப்டம்பர் 1 என்று முதலில் குறித்தார்கள். பிறகு 2023 ஜனவரி 1 என்று தள்ளிப் போட்டார்கள். இந்த நான்கு மாத இடைவெளியில் பிள்ளை பெற்று, அறுபது நாளை முடித்துக்கொண்டு வேலைக்குத் திரும்பிய பெண்களுக்கு மிச்சம் 38 நாள் கிடைக்கவில்லை. பச்சைக் குழந்தையை ஆயாவிடம் விட்டுவிட்டு அந்த மருமகள் விடியற்காலை பெரட்டுக்கு வந்து நின்றார். தோட்டம் சட்டப்படிதான் நடந்தது. சட்டமும் சட்டப்படிதான் நடந்தது. குற்றம் எங்கே இருக்கிறது?

குற்றம், அந்த ஷரத்து ஷரத்தாகவே எடுத்துக்கொள்ளப்பட்ட நாளில் நாம் அங்கே இல்லாததில் இருக்கிறது!

மசோதா நடக்கிற வழி

மசோதா எப்படிச் சட்டமாகிறது என்பதை நம் தோட்டக் கணக்கிலேயே சொல்லுகிறேன். வக்கீல் படிப்பு எனக்கில்லை. தமிழ்ப் பள்ளியில் படித்து, பேனா பிடித்தவன். ஆயினும் பெரட்டையும் பால் ஸ்டோரையும் அறிந்தவனுக்கு இது கஷ்டமான பாடமல்ல.

மக்களவையிலே மசோதாவுக்கு மூன்று வாசிப்புகள் உண்டு. முதல் வாசிப்பு என்பது பெரட்டில் பெயர் கூப்பிடுவது போன்றது. மசோதாவின் தலைப்பு மட்டும் வாசிக்கப்படும். அன்று விவாதம் கிடையாது. “தாக்கல்” என்று பத்திரிகைகள் எழுதுவது இதைத்தான். பெரட்டில் பெயர் கூப்பிட்டதும் சம்பளம் வந்துவிட்டதென்று குதிக்கிறவன் உண்டா? நாம் குதிக்கிறோம்.

இரண்டாம் வாசிப்பில்தான் விவாதம். மசோதாவின் நோக்கம் நல்லதா, கெட்டதா, அது வேண்டுமா, வேண்டாமா என்று பேசுகிறார்கள். இது மரம் வெட்டிப் பால் எடுக்கிற நேரம். ஆள் நிரையில் நிற்கிறான், பால் வடிகிறது, எல்லோரும் பார்க்கிறார்கள்.

அதற்கடுத்தது கமிட்டிக் கட்டம். இதுதான் பால் ஸ்டோர். பாலை நிறுக்கிறார்கள், மாதிரி எடுத்து ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். மசோதாவிலும் ஒவ்வொரு ஷரத்தாக எடுத்து, ஒரு சொல்லைச் சேர்ப்பதா, நீக்குவதா என்று முடிவு செய்கிற இடம் இதுதான். பிறகு மூன்றாம் வாசிப்பு. சீட்டில் கையெழுத்துப் போடுவது போல. அதன்பின் 70 பேர் கொண்ட மேலவைக்குப் போகிறது. அங்கேயும் இதே வாசிப்புகள். பிறகு மாமன்னரின் ஒப்புதல். அதற்கு அரசியல் சட்டம் 30 நாள் கொடுத்திருக்கிறது. கடைசியாக அரசாங்கப் பத்திரிகை.

தோழர்களே, நாற்பது மரம் கூட வெட்டினாலும், பால் நிறுக்குமிடத்தில் கணக்குக் குறைந்தால் கூலி குறைந்ததுதான். இது பால் வெட்டுகிறவனுக்குத் தெரியும். ஆகவேதான் நம் பாட்டன்மார் காலத்திலே தராசுக்குப் பக்கத்தில் சங்கத்து ஆள் நிற்க வேண்டுமென்று சண்டை போட்டார்கள். மசோதாவின் தராசுக்குப் பக்கத்தில் நம் ஆள் யார்?

ஒரே மண்டபம், அதே ஆட்கள்

கமிட்டி என்றவுடன் பத்துப் பதினைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, சம்பந்தப்பட்டவர்களைக் கூப்பிட்டு விசாரித்து, நிதானமாக முடிவு செய்வார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நம் மக்களவையின் நிலையான விதிப்படி, இரண்டாம் வாசிப்பு முடிந்த மசோதா “முழுச் சபைக் கமிட்டி”க்குப் போகிறது. அஃதாவது, அதே மண்டபம், அதே 222 அங்கத்தினர்கள், அதே நாற்காலிகள். சபாநாயகர் ஆசனத்தில் இருப்பவரை “தலைவர்” என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டால் சபை கமிட்டியாகி விடுகிறது! இத்தனையாம் ஷரத்து முதல் இத்தனையாம் ஷரத்து வரை மசோதாவின் பகுதியாக இருக்கக் கடவது என்று கட்டுக் கட்டாக எடுத்துக்கொள்ளப்படுவதும் உண்டு. வெளியார் யாரும் சாட்சி சொல்ல முடியாது. தோட்டத்தான் ஒருவன் எழுந்து, “ஐயா, இந்த ஷரத்து என் அடுப்பில் தண்ணீர் ஊற்றுகிறது” என்று சொல்ல அங்கே வழியில்லை.

இதற்கு மாற்று இல்லையா? இருக்கிறது. சபையில் தீர்மானம் கொண்டுவந்து, சபை அதை ஏற்றுக்கொண்டால், மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பலாம். தேர்வுக் குழு சாட்சிகளை அழைக்கலாம். பத்திரங்களைக் கேட்டு வாங்கலாம். பொது விசாரணை நடத்தலாம். திருத்தங்களோடு சபைக்கு அறிக்கை தரலாம். விதி புத்தகத்திலே வழி இருக்கிறது. ஆனால் அது விதிவிலக்காகவே வைக்கப்பட்டிருக்கிறது. தொழிலாளர் மசோதாக்களுக்கு அந்தக் கதவு திறந்த காட்சியை நாம் கண்டதுண்டா?

மற்றவற்றுக்குத் திறந்திருக்கிறது. 2004-ஆம் ஆண்டில் தண்டனைச் சட்டத் திருத்தமும் குற்றவியல் நடைமுறைச் சட்டத் திருத்தமும் தேர்வுக் குழுவுக்குப் போயின. பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். 2019-இல் போலீஸ் நடத்தை பற்றிய புகார்க் கமிஷன் மசோதா போயிற்று. 2022-இல் கட்சித் தாவல் தடுப்புக்கான அரசியல் சட்டத் திருத்தம் குழுவிலே பரிசீலிக்கப்பட்டு, ஜூலை மாதத்தில் மக்களவையில் நிறைவேறியது. சிகரெட் மசோதா 2022-இலும் 2023-இலும் போயிற்று. நல்லது. அங்கத்தினர்கள் கட்சி மாறுவதைப் பற்றி நிதானமாக யோசிக்க வேண்டியதுதான். சிகரெட்டைப் பற்றியும் யோசிக்க வேண்டியதுதான். பிள்ளை பெற்றவள் எத்தனை நாள் படுத்திருக்கலாம் என்பதும், வேலை இழந்தவனுக்கு எத்தனை நாள் கூலி என்பதும் மட்டும் யோசனைக்குத் தகுதியில்லாத விஷயங்களா?

ஒரு ஷரத்தின் விலை

“ஷரத்து, ஷரத்து என்று ஏன் அலட்டிக்கொள்கிறாய்?” என்று கேட்கும் அன்பர்களுக்கு மூன்று கணக்குக் காட்டுகிறேன்.

முதல் கணக்கு நமக்குச் சாதகமானது. 1955-ஆம் வருஷத்து வேலைச் சட்டத்திலே 16-ஆம் பிரிவு என்று ஒன்று. தோட்டத்தில் நாள் கணக்கில் கூலி பெறுகிறவனுக்கு மாதத்திற்கு 24 நாளுக்குக் குறையாமல் வேலை கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாவிட்டால் அந்த நாட்களுக்குரிய கூலியைக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். செக்ரோல் எழுதும் எந்தக் கிராணியைக் கேட்டாலும் அந்த 24 என்ற எண்ணின் அருமையைச் சொல்வார். ஒரே ஒரு பிரிவு. எத்தனை வீட்டு அரிசிப் பானை!

அந்தச் சட்டம் பிறந்த சபை எது? அன்றைய கூட்டரசு சட்டமன்றம். 1948 முதல் இருந்த அந்தச் சட்டமன்றத்திலே தோட்ட முதலாளிகளுக்கு ஆசனங்கள் இருந்தன. தொழிலாளருக்கும் ஆசனங்கள் இருந்தன. அந்தச் சட்டமன்றத்திலே தோட்டத் தொழிலாளர் சங்கத் தலைவர் பி.பி. நாராயணன் அங்கத்தினராக இருந்தார். அந்தச் சபை ஜனநாயகச் சபை அல்ல. நியமனச் சபையாகத் தொடங்கியது. அதற்காக நான் ஏங்கவில்லை. 1959-இல் மக்கள் தேர்ந்தெடுத்த மக்களவை வந்தது. அது நமக்குப் பெருமை. ஆனால் தொழிலாளருக்கென்று இருந்த ஆசனம் போனபின், அந்த இடத்தை நிரப்ப வேறு வழி செய்யப்பட்டதா? தேர்வுக் குழு விசாரணைதான் அந்த வழி. அதைத்தான் கேட்கிறேன்.

இரண்டாம் கணக்கு கசப்பானது. 2011-ஆம் ஆண்டில் தேசிய சம்பள ஆலோசனை மன்றச் சட்டம் வந்தது. குறைந்தபட்சச் சம்பளம் வரப்போகிறதென்று நாம் அனைவரும் மகிழ்ந்தோம், மகிழ வேண்டியதுதான். 2013 ஜனவரி முதல் தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி என்று கிடைத்தது. ஆனால் எத்தனை வெள்ளி என்ற எண் சட்டத்துக்குள் இல்லை. அது உத்தரவின் மூலம் வருவது. அதோடு, பகுதிக்குப் பகுதி, துறைக்குத் துறை வேறுபடுத்தவும் அந்தச் சட்டம் இடம் வைத்திருந்தது. அந்தச் சின்ன இடத்தை யார் கவனித்தார்கள்? 2020 பிப்ரவரியில் அது முளைத்து வெளியே வந்தது. மாநகர, நகராண்மைக் கழக எல்லைக்குள் 1,200 வெள்ளி; எல்லைக்கு வெளியே 1,100 வெள்ளி! ரப்பர் மரம் எங்கே வளர்கிறது தோழர்களே, நகராண்மைக் கழக மண்டபத்திலா? அரிசியும் மீனும் பால்மாவும் தோட்டத்துக்குள் வரும்போது நூறு வெள்ளி மலிந்துவிடுகின்றனவா? அந்த உத்தரவுக்கு மூன்று வாசிப்பு இல்லை, கமிட்டி இல்லை. அச்சாயிற்று, அமலாயிற்று. 2022 மே மாதத்தில் 1,500 என்றும் 2025 பிப்ரவரியில் 1,700 என்றும் உயர்ந்தது உண்மை. அதற்கு நன்றி. ஆனால் அந்த இடைக்காலத்தில் மாதாமாதம் போன நூறு வெள்ளி திரும்பி வருமா? அந்த நூறு வெள்ளியை இழந்தது 2020-இல் அல்ல. 2011-இல், ஒரு ஷரத்தை நாம் படிக்காத அன்றே!

மூன்றாம் கணக்கு, பலருக்கு நாளைக்கே வரக்கூடியது. தோட்டம் விற்கப்படுகிறது, செம்பனை நடுகிறார்கள், அல்லது வீடு கட்டுகிறார்கள். ஆட்களுக்கு வேலை நீக்கம். ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவனுக்கு வருஷத்துக்கு 20 நாள் கூலி நஷ்டஈடு. முப்பது வருஷம் உழைத்தவனுக்கு 600 நாள் கூலி. இந்த 20 என்ற எண் எங்கே இருக்கிறது? பார்லிமெண்ட் நிறைவேற்றிய சட்டத்துக்குள் அல்ல. அந்தச் சட்டத்தின் கீழ் 1980-இல் செய்யப்பட்ட ஒழுங்குவிதியில் இருக்கிறது. இருபது என்பது போதாது என்று நாம் நினைத்தால் யாரிடம் போய்ச் சொல்வது? மசோதாவாக வராத ஒன்றை இரண்டாம் வாசிப்பில் எதிர்க்க முடியுமா? பேனா முனையில் வந்தது பேனா முனையில் நிற்கிறது.

ஆகவே ஷரத்தை நான் அலட்டிக்கொள்கிறேன். ஷரத்து நம் வீட்டுக் கூரை. ஓட்டை எங்கே என்பது மழை பெய்யும்போதுதான் தெரிகிறது.

எதிர்க்கட்சி வாதங்கள்

நிற்க. என் கருத்துக்கு எதிராகச் சொல்லப்படுவன மூன்று. மூன்றையும் மறைக்காமல் எடுத்துக்கொள்கிறேன்.

“குழுவுக்கு அனுப்பினால் தாமதமாகும், தொழிலாளிக்குக் கிடைக்கிற நன்மை தள்ளிப்போகும்” என்பது முதல் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 98 நாள் பிரசவ விடுமுறையும், வாரத்திற்கு 48 மணியை 45 மணியாகக் குறைப்பதும், தகப்பனுக்கு ஏழு நாள் விடுமுறையும் கொண்டதாக நிறைவேறிய அந்த மசோதா 2021 அக்டோபரில் முதல் வாசிப்பானது. மக்களவையில் நிறைவேறியது 2022 மார்ச்சில். அதே மார்ச்சில் மேலவையும் நிறைவேற்றியது. நடைமுறைக்கு வந்தது 2023 ஜனவரியில். ஆக, முதல் வாசிப்புக்கும் நிறைவேற்றத்துக்கும் நடுவே ஐந்து மாதம். நிறைவேறியபின் இன்னும் ஒன்பது மாதம். தேர்வுக் குழுவுக்குப் போகாமலேயே பதினான்கு மாதம்! அந்த முதல் ஐந்து மாதத்தில் ஒரு குழு நாலு தோட்ட ஊர்களுக்கு வந்து கேட்டுவிட்டுப் போயிருக்க முடியாதா? தாமதத்துக்குக் காரணம் விசாரணை அல்ல. விசாரணை இல்லாமலேயே தாமதம் நடக்கிறது. தாமதிப்பதுதான் தாமதிக்கிறீர்கள், அந்த நேரத்தில் எங்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்கிறேன்.

“முத்தரப்பு ஆலோசனை நடக்கிறதே! தேசியத் தொழிலாளர் ஆலோசனை மன்றத்தில் சர்க்காரும், முதலாளிமாரும், சங்கங்களும் உட்கார்ந்து பேசுகிறார்களே!” என்பது இரண்டாவது. பேசட்டும். அது வேண்டும். ஆனால் அது மூடிய அறை. அங்கே பேசியதை அங்கத்தினர்கள் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. அங்கே ஒப்புக்கொண்டது மசோதாவில் எப்படி எழுதப்பட்டது, யார் எழுதினார்கள், எந்தச் சொல் இடையில் மாறியது என்று நமக்குத் தெரிவதில்லை. பேரம் பேசுவது வேறு. பத்திரம் எழுதுவது வேறு. நிலம் வாங்குகிறவன் பேரம் முடிந்ததென்று படிக்காமல் கைரேகை வைப்பானா? நம் முன்னோர் அப்படி வைத்துத்தான் கப்பலேறினார்கள். நமக்கும் அதே கதியா?

மூன்றாவது வாதத்தில் உண்மை இருக்கிறது. “குழு என்பது மசோதாவுக்குச் சுடுகாடு; முதலாளிமார் வக்கீல்களோடு வந்து நல்ல ஷரத்துக்களைக் கரைத்துவிடுவார்கள்” என்கிறார்கள். ஆம், நடந்திருக்கிறது. 2019-இல் குழுவுக்குப் போன போலீஸ் கமிஷன் மசோதாவை ஆட்சி மாறியபின் கைவிட்டு, 2020-இல் வேறொன்றைக் கொண்டுவந்தார்கள். சிகரெட் மசோதா 2022-இல் குழுவுக்குப் போயிற்று. அக்டோபரில் பார்லிமெண்ட் கலைக்கப்பட்டதும் அது செத்தது. 2023-இல் புதிதாக வந்தபோது, குறிப்பிட்ட ஆண்டுக்குப்பின் பிறந்தவர்களுக்குப் புகையிலையே விற்கக் கூடாதென்ற பகுதி நிறைவேறுமுன் எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே, குழுவுக்கு அனுப்பிவிட்டால் மோட்சம் என்று நான் பிரசங்கம் செய்ய வரவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். குழு இல்லாவிட்டால் முதலாளிமார் சும்மா இருக்கிறார்களா? அவர்கள் மந்திரி ஆபீஸின் பின்வாசல் அறிந்தவர்கள். நமக்குப் பின்வாசல் கிடையாது. குழு என்பது முன்வாசல். அங்கே வந்து, “98 நாள் கொடுத்தால் தோட்டம் நஷ்டப்படும்” என்று அவர்கள் சொன்னால், சொன்னவர் பெயரோடு அது எழுத்தில் ஏறும். நாம் எழுந்து, “எங்கள் தோட்டத்து செக்ரோல் இதோ; எத்தனை பெண்கள், எத்தனை பிரசவம், எவ்வளவு செலவு, பாருங்கள்” என்று காட்டலாம். பின்வாசலில் பதில் சொல்ல முடியுமா? நாம் வராத நாற்காலி காலியாக இருக்காது, அடுத்தவன் உட்காருவான். மசோதாவைக் குழு கரைப்பதில்லை. நாம் வராமல் இருப்பது கரைக்கிறது.

“எங்கள் எம்.பி. கொண்டுவருவார்”

தேர்தல் காலத்தில் ஒரு வாக்குறுதி கேட்கிறோம்: “உங்களுக்காக நானே தனி மசோதா கொண்டுவருவேன்.” நம் ஆட்கள் கைதட்டுகிறார்கள். தனி அங்கத்தினர் மசோதாவின் கதை என்ன? முதலில் அதைக் கொண்டுவர அனுமதி கேட்டு ஒரு தீர்மானம் வேண்டும். சபையின் நேரத்தில் சர்க்கார் அலுவலுக்கே முதலிடம். தனி அங்கத்தினர் அலுவல் கடைசி வரிசை. அந்தத் தீர்மானம் முறை வருமுன் கூட்டத் தொடர் முடிந்துவிடும். அனுமதி கிடைத்தாலும் மசோதா சம்பந்தப்பட்ட மந்திரியின் அறிக்கைக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். சர்க்கார் பணத்தைத் தொடும் மசோதாவென்றால் மந்திரிதான் கொண்டுவர முடியும்.

பக்கத்துச் சிங்கப்பூரில், பெற்றோரைப் பிள்ளைகள் பராமரிக்க வேண்டுமென்ற மசோதாவை 1994-இல் வால்டர் ஊன் என்ற நியமன அங்கத்தினர் கொண்டுவந்தார். அது தேர்வுக் குழுவுக்குப் போய், 1995-இல் சட்டமாயிற்று. தனி ஆள் கொண்டுவந்தாலும், குழுவிலே பலர் கருத்துக் கேட்டு உருவாக்கினால் நிற்கும் என்பதற்கு அது சாட்சி.

ஆகவே நம் தொகுதி அங்கத்தினரிடம் நடக்காத மசோதாவைக் கேட்காதீர்கள். நடக்கக்கூடிய ஒன்றைக் கேளுங்கள்: “ஐயா, அடுத்த தொழிலாளர் மசோதா இரண்டாம் வாசிப்பு முடிந்ததும், அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டுமென்று சபையில் சொல்வீர்களா? ஆம் என்றா, இல்லை என்றா?” மாலையை இந்தப் பதிலுக்குப் பிறகு வாங்கலாம்.

நம் கோரிக்கைகள்

கிளைகள்தோறும் தீர்மானமாக நிறைவேற்றத் தக்கவை என்று ஐந்தை முன்வைக்கிறேன்.

ஒன்று: தொழிலாளர் சம்பந்தமான எந்த மசோதாவுக்கும் முதல் வாசிப்புக்கும் இரண்டாம் வாசிப்புக்கும் நடுவே அறுபது நாளாவது இருக்க வேண்டும்.

இரண்டு: அப்படிப்பட்ட மசோதா தேர்வுக் குழுவுக்குப் போவது ஒருவருடைய தயவாக இராமல் விதியாக வேண்டும். ஒவ்வொரு சபையும் தன் நடைமுறையைத் தானே வகுத்துக்கொள்ள அரசியல் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. மனம் இருந்தால் வழி உண்டு.

மூன்று: குழு கோலாலம்பூரிலேயே உட்காரக் கூடாது. சுங்கை பட்டாணி, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், குளுவாங் போன்ற ஊர்களுக்கு வர வேண்டும். தமிழில் பேசுகிறவனுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். கோர்ட்டில் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவனுக்கு மொழிபெயர்ப்பாளர் உண்டு. குற்றமே செய்யாத தொழிலாளிக்கு இல்லையா? இன்று நம்மோடு பால்மரம் வெட்டும் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் பேசவும் வழி வேண்டும். வெட்டுகிற ஷரத்து யார் என்று பார்த்து வெட்டுவதில்லை.

நான்கு: சட்டம் நடைமுறைக்கு வரும் தேதி மசோதாவுக்குள்ளேயே இருக்க வேண்டும், இல்லையேல் ஆறு மாதத்துக்குள் என்ற வரம்பாவது வேண்டும்.

ஐந்து: சம்பள உத்தரவு, நஷ்டஈட்டு விதி போன்றவை அச்சாகும் முன் அதே குழுவின் கண்ணில் பட வேண்டும்.

இவற்றில் எதுவும் ஆட்சியைக் கவிழ்க்கும் கோரிக்கையல்ல. எந்தக் கட்சி ஆண்டாலும் செய்யக் கூடியது; எந்தக் கட்சி ஆண்டாலும் நாம் கேட்க வேண்டியது.

கிராணிமார்களுக்கு ஒரு சொல்

கடைசியாக, என் இனத்தாருக்கு. கிராணி என்றால் தொழிலாளி ஒதுங்கி நின்ற காலம் ஒன்றுண்டு. அதற்குக் காரணம் நாமேதான். அரை நாள் பெயர் போட்டது நம் பேனா. பாலில் கணக்குக் குறைத்ததும் சில இடங்களில் நம் பேனா. அந்தக் கடனை நாம் இன்னும் தீர்க்கவில்லை. இப்போது தீர்க்க வழி வந்திருக்கிறது.

மசோதா முதல் வாசிப்பான அன்றே அதன் வாசகம் பொதுமக்கள் பார்வைக்கு வருகிறது. மலாய் தெரிந்தவர்கள் நாம். கிளைக்கு ஒருவராவது அதை எடுத்து, முதல் ஷரத்திலிருந்து கடைசி ஷரத்து வரை படித்து, தமிழில் நாலு பக்கம் எழுதி, பெரட்டுக் களத்தில் வாசிக்க வேண்டும். எங்கே “மந்திரி தீர்மானிக்கலாம்” என்று வருகிறதோ, அங்கே சிவப்பு மையால் கோடு போட வேண்டும். எங்கே எண் இல்லையோ, அங்கே கேள்விக் குறி போட வேண்டும். அந்த நாலு பக்கமே குழுவின் முன் நம் சாட்சியம். குழு அமையாவிட்டால் தொகுதி அங்கத்தினர் கையில் நம் மனு. சட்டம் வந்தபின் கொடி பிடிப்பதைவிட, மசோதாவாக இருக்கும்போது கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்வது சுலபம்.

இதைச் செய்யாமல் நான் ஒருமுறை தவறினேன். அதன் விலை 38 நாள். அந்த விலையை நான் கொடுக்கவில்லை. பச்சைக் குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போன ஒரு தாய் கொடுத்தாள். அந்தப் பெரியம்மா கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது: “பாஸான சட்டம் எங்கே போய்ப் படுத்துக்கிட்டிருக்கு?”

அடுத்த முறை அவர் கேட்கும்போது என்னிடம் பதில் இருக்கும். உங்களிடம்?

பெயர் கூப்பிட்டதும் கலைந்து போகாதீர்கள். பால் நிறுக்கும் வரை நில்லுங்கள்!

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!

— ஒரு தோட்டத்துக் கிராணி